கண் இல்லாமல் சுழலும் மோட்டார்: கடைக்குச் செலவா, சேமிப்பா?

படாளம் கூட்டு ரோட்டில் நடுத்தரமான ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஷட்டர் ஏறுகிறது. இரவு 10 மணிக்கு இறங்குகிறது. அந்தக் கடையில் எத்தனை மோட்டார் இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டால், "மோட்டாரா? தண்ணி மோட்டார் ஒன்றுதான்" என்பார். எண்ணிப் பார்த்தால் கதை வேறு. சீலிங் ஃபேன் நான்கு, குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் ஒரு கம்ப்ரசர், அதற்குள் குளிரைப் பரப்ப ஒரு சின்ன ஃபேன், ஐஸ்கிரீம் பெட்டியில் இன்னொரு கம்ப்ரசர், மிளகாய், மல்லி அரைத்துக் கொடுத்தால் அந்த மெஷினில் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று. பத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். மின்சாரக் கட்டணத்தில் பெரும்பகுதி இவற்றின் வழியாகத்தான் போகிறது.

வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் உண்டு. கடை இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாம் பணம் கட்ட வேண்டும். எனவே "கரண்ட் மிச்சம்" என்று யாராவது சொன்னால் நம் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. இப்போது கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டு வார்த்தைகளை அடிக்கடி சொல்கிறார்கள். ஒன்று பி.எல்.டி.சி. ஃபேன், இன்னொன்று இன்வெர்ட்டர் கம்ப்ரசர். நாமும் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, விலையைக் கேட்டுத் தயங்குகிறோம்.

இந்த இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். காந்தம் பொருத்திய மோட்டார். அதை ஓட்டுவதற்கு ஓர் எலக்ட்ரானிக் போர்டு. காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தனிக் கண் எதுவும் வைக்காமல், ஓட்டத்தை வைத்தே அதைக் கண்டுகொள்ளும் வித்தை. இந்த வித்தையைப் புரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது, பழுது வந்தால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

பழைய மோட்டாரின் பழக்கம்

நம் தமிழ்நாட்டுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியில் வெளிவந்தது. அதன்பிறகு பம்பு, கிரைண்டர், மில் மோட்டார் என்று கோவைச் சரக்கு ஊரெங்கும் பரவியது. நம் பகுதியில் பாலாற்றங்கரைக் கிணறுகளில் தண்ணீர் இறைப்பதும், மாவு மில்லில் பட்டையைச் சுழற்றுவதும் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார்தான்.

இதன் அமைப்பு எளிமையானது. வெளியே செம்புக் காயில். உள்ளே சுழலும் பகுதியில் காந்தம் கிடையாது. காயிலில் போகும் மின்சாரமே உள்ளே இன்னொரு மின்சாரத்தைத் தூண்டி, அந்தத் தள்ளுதலால் சுழல்கிறது. சிங்கிள் பேஸில் ஓடும் ஃபேனுக்கு இதில் ஒரு கண்டென்சரும் சேரும். காயில் எரிந்தால் மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ கட்டி வாங்கிவிடலாம். கண்டென்சர் போனால் மாற்றிவிடலாம். இந்த வசதிதான் அதன் பெருமை.

குறை என்னவென்றால், உள்ளே தூண்டப்படும் அந்த மின்சாரம் ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. பெரிய மில் மோட்டாரில் இந்த நட்டம் குறைவு. சீலிங் ஃபேன் போன்ற சின்ன மோட்டாரில் அதிகம். சாதாரண ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கிறது; அதில் பாதிக்கு மேல் காற்றாக மாறாமல் சூடாகவே போகிறது. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தித் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

காந்தம் வந்தது, கண் தேவைப்பட்டது

புதிய மோட்டாரில் சுழலும் பகுதியிலேயே நிரந்தரக் காந்தம் இருக்கிறது. உள்ளே மின்சாரத்தைத் தூண்ட வேண்டியதில்லை. அந்த நட்டம் இல்லை. அதே காற்றுக்கு 30 வாட் அளவே போதுமாகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. காந்தத்தைத் தொடர்ந்து இழுத்துச் சுழற்ற வேண்டுமானால், அது எந்தக் காயிலுக்கு எதிரே வருகிறதோ அதற்கு ஏற்ப அடுத்த காயிலுக்கு மின்சாரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாடு செக்கைச் சுற்றும்போது பின்னாலிருந்து தட்டுகிறவன், மாடு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் தட்ட முடியும். முன்னே போய் நின்று தட்டினால் மாடு பின்வாங்கும். மோட்டாரும் அப்படித்தான். தவறான நேரத்தில் மின்சாரம் போனால் சுழலாமல் உதறும், சூடாகும்.

எனவே தொடக்கத்தில் காந்தம் இருக்கும் இடத்தைப் பார்க்க மோட்டாருக்குள் சின்னச் சின்ன உணர்கருவிகளை வைத்தார்கள். இவற்றுக்கு ஹால் சென்சார் என்று பெயர். 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ட விளைவின் அடிப்படையில் வேலை செய்வதால் அந்தப் பெயர். காந்தம் அருகில் வந்தால் சென்சார் சொல்லும். போர்டு காயிலை மாற்றும்.

இது நன்றாக வேலை செய்தாலும் செலவும் தொல்லையும் சேர்ந்தே வந்தன. சென்சாருக்குத் தனி ஒயர், தனி இணைப்பு, தனியாகப் பழுது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் என்பது முழுக்க மூடி வெல்டிங் செய்த இரும்புப் பானை. உள்ளே எண்ணெய், குளிரூட்டும் வாயு, கடுமையான சூடு. அதற்குள் மென்மையான சென்சாரை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அதன் ஒயர்களை வெளியே எடுக்கக் கூடுதல் துளை போட்டால், ஒவ்வொரு துளையும் வாயு கசிய ஒரு வழி. ஆகவே காந்த மோட்டாரைக் கம்ப்ரசருக்குள் வைக்க விரும்பியவர்கள், கண் இல்லாமல் ஓட்டும் வழியைத் தேடியே ஆக வேண்டியிருந்தது.

1981-ல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான இன்வெர்ட்டர் ஏ.சி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் கம்ப்ரசர் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1985-ல் ஜப்பானியப் பொறியாளர்கள், சென்சாரே இல்லாத காந்த மோட்டாரை ஒரு சிறு கம்ப்யூட்டர் சில்லு கொண்டு ஓட்டும் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று நம் கடை ஃபிரிட்ஜில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

கிடங்கைப் பார்க்காமல் இருப்பு சொல்வது எப்படி?

கண் இல்லாமல் காந்தத்தின் இடம் எப்படித் தெரியும்? வியாபாரிக்கு இதை விளக்குவது சுலபம்.

கிடங்கில் எத்தனை மூட்டை துவரம்பருப்பு இருக்கிறது என்று அறிய இரண்டு வழி உண்டு. ஓர் ஆளைக் கிடங்கிலேயே நிறுத்தி, ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொல்லச் செய்வது ஒரு வழி. ஆள் சம்பளம் தண்டம். அவன் லீவு போட்டால் தகவல் இல்லை. இன்னொரு வழி, கல்லாவில் உட்கார்ந்தபடியே கொள்முதல் பில்லையும் விற்பனைச் சிட்டையையும் வைத்து இருப்பைச் சொல்லிவிடுவது. பழம் தின்று கொட்டை போட்ட முதலாளிகள் கிடங்குப் பக்கம் போகாமலே, "இன்னும் நாலு மூட்டைதான் இருக்கும், ஆர்டர் போடு" என்பார்கள். எப்படியும் எழுதப்போகும் கணக்கிலேயே அந்தத் தகவல் ஒளிந்திருக்கிறது.

மோட்டாரிலும் அப்படியே. சைக்கிள் டைனமோ நமக்குத் தெரியும். காந்தம் சுழன்றால் காயிலில் மின்சாரம் பிறக்கும். இதை 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டு சொன்னார். சுழலும் காந்த மோட்டாரும் உண்மையில் ஒரு டைனமோதான். நாம் கொடுக்கும் மின்சாரத்தை எதிர்த்து அதன் காயிலில் ஒரு சிறு மின்னழுத்தம் தானே பிறக்கிறது. இதை எதிர்மின்னழுத்தம் என்று சொல்லலாம். காந்தம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப இதன் அளவு ஏறி இறங்கும். ஆகவே போர்டு எப்படியும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று ஒயரிலேயே காந்தத்தின் இருப்பிடம் எழுதியிருக்கிறது.

இதைப் படிக்கும் முறைகள் முக்கியமாக மூன்று.

முதல் முறை: மோட்டாரில் மூன்று காயில். எந்த நேரத்திலும் இரண்டில் மட்டும் மின்சாரம் போகும். மூன்றாவது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காயிலில் எதிர்மின்னழுத்தம் ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறி, நடுவில் பூச்சியத்தைத் தாண்டும் கணத்தைப் போர்டு குறித்துக்கொள்கிறது. அதிலிருந்து இன்ன நேரத்தில் அடுத்த காயிலை மாற்ற வேண்டும் என்று கணக்கு. எளிய முறை, குறைந்த செலவு.

இரண்டாவது முறை: மூன்று காயிலிலும் அலை அலையாக மின்சாரம் போகும், சும்மா இருக்கும் காயில் கிடையாது. போர்டில் உள்ள சில்லு, காயிலின் தடை இவ்வளவு, குணம் இப்படி என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, போகும் மின்சாரத்தை அளந்து, "இவ்வளவு கொடுத்தும் இவ்வளவுதான் போகிறது என்றால் எதிர்மின்னழுத்தம் இவ்வளவு இருக்க வேண்டும்" என்று ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை கணக்குப் போடுகிறது. சத்தம் குறைவு, ஓட்டம் மெது. நல்ல ஃபேன்களிலும் கம்ப்ரசர்களிலும் இதைக் காணலாம்.

மூன்றாவது முறை: மோட்டார் அசையாமல் நிற்கும்போதே இடத்தைக் கண்டுபிடிப்பது. மிக வேகமாகத் துடிக்கும் ஒரு சிறு மின்னோட்டத்தை உள்ளே அனுப்பி, எந்தத் திசையில் அது சுலபமாகப் போகிறது, எந்தத் திசையில் தடுமாறுகிறது என்று பார்ப்பது. சுவரைத் தட்டி உள்ளே காலியா, கெட்டியா என்று பார்ப்பது போல. இது விலை அதிகமான இயந்திரங்களுக்கே. எல்லா வகைக் காந்த மோட்டாருக்கும் பொருந்தவும் பொருந்தாது.

புது ஃபேன் ஏன் முதலில் உதறுகிறது?

முதல் இரண்டு முறைகளுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. அதிகாலையில் கடை திறந்ததும் கல்லாவில் ஒரு விற்பனையும் இல்லை. அன்றைய கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதுபோல மோட்டார் நிற்கும்போது எதிர்மின்னழுத்தம் பூச்சியம். காந்தம் எங்கே என்று தெரியாது. மெதுவாகச் சுழலும்போதும் அது மிகச் சிறியது, நம்ப முடியாது.

ஆகவே போர்டு ஒரு தந்திரம் செய்கிறது. முதலில் ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்து, காந்தத்தை அதற்கு நேரே இழுத்து நிறுத்துகிறது. பிறகு இடத்தைப் பார்க்காமலே, மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. போதுமான வேகம் வந்து எதிர்மின்னழுத்தம் தெளிவானதும், அதைப் படித்து ஓட்டத் தொடங்குகிறது.

வாடிக்கையாளர்கள் பலர் புது ஃபேன் மாட்டியதும், "சுவிட்சு போட்டவுடன் ஒருமுறை பின்பக்கம் அசைந்து பிறகு சுற்றுகிறது, பழுதா?" என்று கேட்பது இதனால்தான். கொஞ்சம் அசைந்து, தயங்கி, பிறகு சுற்றுவது இந்த வகை ஃபேனின் இயல்பு, பழுது அல்ல. ஆனால் பலமுறை முயன்றும் கிளம்பாமல் உதறிக்கொண்டே இருந்தால், ஒன்று பேரிங் இறுகியிருக்கும், அல்லது மூன்று ஒயரில் ஒன்று விட்டிருக்கும், அல்லது போர்டில் கோளாறு. மின்சாதனம் விற்கும் நம் உறுப்பினர்கள் இதை வாடிக்கையாளருக்கு விற்கும்போதே சொல்லிவிட்டால், வீண் தகராறு மிச்சம்.

மின்சார ஸ்கூட்டரில் மட்டும் பெரும்பாலும் சென்சாரைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். பாலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் இரண்டு மூட்டையோடு நிற்கும் வண்டி, கண்ணை மூடிக்கொண்டு முன்பின் ஆடிக் கிளம்ப முடியாது; நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். ஃபேனுக்கும் கம்ப்ரசருக்கும் பம்புக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த வேலைக்கு எது என்பதுதான் விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி நம் சொந்த விஷயம். கணக்குக்கு வசதியாக யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சாதாரண ஃபேன் 75 வாட்; காந்த ஃபேன் 30 வாட். வித்தியாசம் 45 வாட். கடையில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் மிச்சம் 0.63 யூனிட், அதாவது 6 ரூபாய் 30 காசு. வருடத்தில் 350 நாள் கடை திறந்தால் 2,205 ரூபாய். நான்கு ஃபேனுக்கு 8,820 ரூபாய். சாதாரண ஃபேனைவிட 1,500 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் எட்டு மாதத்தில் அசல் திரும்பிவிடும்.

அதே ஃபேனைக் கிடங்கில் மாட்டி, மூட்டை இறக்கும்போது மட்டும் தினம் 2 மணி நேரம் ஓட்டினால்? மிச்சம் ஒரு நாளைக்கு 90 காசு. அந்த 1,500 ரூபாய் திரும்ப நாலரை வருடத்துக்கு மேல் ஆகும். கிடங்கில் பழைய ஃபேனே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் போட வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுவதே வியாபாரப் புத்தி.

கரண்ட் போகும் நேரத்துக்குப் பாட்டரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். ஃபேன் மட்டும் ஓடுவதாக இருந்தால், அதே பாட்டரியில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் ஓடும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் சாதாரண ஃபேன் சோம்பிவிடும். காந்த ஃபேனின் போர்டு அதைச் சரிக்கட்டி, குறிப்பிட்ட அளவு வரை அதே வேகத்தில் ஓட்டும்.

இந்த வகை ஃபேனை இந்தியாவில் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் கோவையைச் சேர்ந்த சூப்பர்ஃபேன் நிறுவனமும் ஒன்று. 2012-ல் 35 வாட் ஃபேனை வெளியிட்டது. பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் இறங்கின. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேன்களுக்கு மத்திய அரசின் நட்சத்திர முத்திரை கட்டாயம். ஆகவே ஃபேன் வாங்கும்போது விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், முத்திரையில் அச்சிட்ட வாட் அளவையும் காற்று அளவையும் படித்துப் பார்க்கலாம். வாட் குறைவாக இருந்து காற்றும் குறைவாக இருந்தால் அது சேமிப்பு ஆகாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் கரண்ட் போனாலும் ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பாட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. பழைய கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், குளிர் வந்ததும் நிற்கும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடுவதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்பி, தேவைக்குத் தக்க வேகத்தில் நெடுநேரம் ஓடும். வாடிக்கையாளர் கதவைத் திறந்தால் வேகம் கூடும். இரவில் கடை மூடியபின் குறையும். வித்தியாசத்தைப் பகலில் காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். சின்ன ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும், கிளம்பும் நேரத்து இழுப்பு இல்லாததால் பாரம் குறைவு.

லாபம் போர்டில், ஆபத்தும் போர்டில்

இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பழைய மோட்டாரில் போவது காயில், கண்டென்சர், பேரிங். மூன்றும் உள்ளூரில் தீரும். புதிய மோட்டாரில் காயிலும் காந்தமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், போவது போர்டு. சென்சாரை எடுத்துவிட்டதால் மோட்டாருக்குள் ஒரு பழுது குறைந்தது. ஆனால் பார்ப்பது, கணக்குப் போடுவது, ஓட்டுவது எல்லாம் போர்டின் தலையில் ஏறிவிட்டன. எனவே வாங்கும்போது மோட்டாரைவிடப் போர்டுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

போர்டுக்கு முதல் எதிரி திடீர் உயர் வோல்டேஜ். இடி, மின்னல், புயலுக்குப் பிறகு விட்டு விட்டு வரும் மின்சாரம். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை நம் பகுதி மறந்திருக்காது. அப்படிப்பட்ட இரவுகளில் கடையின் மெயினை இறக்கிவிட்டுப் போவதும், கரண்ட் வந்து சிறிது நேரம் நிலையாக நின்ற பிறகே ஃபிரிட்ஜைப் போடுவதும் நல்லது. ஐஸ்கிரீம் இளகினால் ஒருநாள் நட்டம். போர்டு போனால் பல நாள் கடையில் குளிர்ச்சரக்கு இல்லை.

இரண்டாவது எதிரி உப்புக்காற்று. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடற்கரையோரம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. தகரம் துருப்பிடிக்கும் இடத்தில் போர்டின் மெல்லிய செம்புப் பாதை என்னவாகும்? ஈரம் புகாத பூச்சு போட்ட போர்டா என்று கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது எதிரி பல்லியும் எறும்பும். மளிகைக் கடையில் சர்க்கரையும் வெல்லமும் இருக்குமிடத்தில் எறும்புக்குப் பஞ்சமில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்க மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

"கம்ப்ரசர் போச்சுண்ணே" என்றால்...

பெரும் பணம் வீணாகப் போகும் இடம் இது. குளிர் வரவில்லை. மெக்கானிக் தம்பி வருகிறார். பின்பக்கம் திறந்து மீட்டர் வைத்துப் பார்க்கிறார். "கம்ப்ரசர் போச்சுண்ணே, மாத்தணும்" என்கிறார். கம்ப்ரசர், வாயு, கூலி எல்லாம் சேர்ந்து பெரிய தொகை. அப்போது நாம் அவசரப்படாமல் சில விஷயங்களைக் கேட்க வேண்டும்.

பழைய கம்ப்ரசரிலும் மூன்று முனை உண்டு. இன்வெர்ட்டர் கம்ப்ரசரிலும் மூன்று முனை உண்டு. பழையதில் இரண்டிரண்டு முனையாக அளந்தால் மூன்று வேறு அளவு வரும், அதுதான் சரி. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும், அதுதான் சரி. பழையதிலேயே பழகியவர் மூன்றும் ஒரே அளவு காட்டுவதைப் பார்த்து, "காயில் ஷார்ட்" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. மூன்றும் சமமாகவும், எந்த முனைக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் இடையே தொடர்பு இல்லாமலும் இருந்தால், காயில் நன்றாக இருக்கிறது. சந்தேகம் போர்டின் மேல்தான் போக வேண்டும்.

இன்னொன்று: "டைரக்ட்டா கரண்ட் கொடுத்துப் பார்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தடுக்க வேண்டும். பழைய கம்ப்ரசருக்கு அது சோதனை. இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு அது சாவு. காந்தம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப மின்சாரம் கொடுக்கப் போர்டு இல்லாமல், நேரடி மின்சாரத்தை ஏற்றினால் மோட்டார் சுழலாது. காயில் எரியும், காந்தமும் கெடலாம். நன்றாக இருந்த கம்ப்ரசர் சோதனையிலேயே போய்விடும்.

ஃபேனுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. மெயினை நிறுத்தி, போர்டிலிருந்து மோட்டாரின் மூன்று ஒயரையும் கழற்றியபின், அவற்றில் இரண்டை ஒன்றாகச் சேர்த்து இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சேர்த்தால் இறுக்கமாகவும், பிரித்தால் லேசாகவும் சுற்றினால், அந்தக் காயில்களும் காந்தமும் உயிரோடு இருக்கின்றன. ஜோடி மாற்றி மாற்றி மூன்று முறை பார்க்க வேண்டும். நாம் முன்பு சொன்ன டைனமோ வேலைதான் இது. இந்தச் சோதனைகளை எல்லாம் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நிறுத்திய பிறகும் போர்டில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் அளந்து வந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

ஆலையிலும் மில்லிலும்

படாளம் என்றாலே மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை நினைவுக்கு வரும். சர்க்கரை ஆலைத் தொழிலில் கரும்பை ஏற்றும் சங்கிலியின் வேகத்தை அரவைக்குத் தக்கபடி மாற்றவும், பாகிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தை ஏற்றி இறக்கவும் வேகம் மாற்றும் மின் டிரைவ்கள் பயன்படுகின்றன. காந்தம் இல்லாத பெரிய இண்டக்‌ஷன் மோட்டாரிலும் சென்சார் இல்லாமல் வேகத்தையும் இழுவையையும் கணித்து ஓட்டும் முறைகள் 1980-களில் வளர்ந்தன, 1995-ல் ஏ.பி.பி. நிறுவனம் அப்படிப்பட்ட டிரைவை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மாவு மில், எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்கலாம். உள்ள மோட்டாரை மாற்றாமலே டிரைவ் மட்டும் வைத்தால், கிளம்பும்போது பெல்ட் வெடுக்கென்று இழுபடுவது குறையும். எள்ளுக்கும் தேங்காய்க்கும் வேண்டிய வேகத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுதும் ஒரே வேகத்தில் முழுப் பாரத்தோடு ஓடும் மில்லுக்கு டிரைவால் மின்சாரம் மிச்சமாகாது. மிச்சமாகும் என்று சொல்லி விற்க வந்தால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்.

2. வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் உண்டா? கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாக அச்சிட்டு, போர்டுக்கு ஒரு வருடம் என்று சிறிதாக அச்சிட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வாரண்டி முடிந்தபின் போர்டு என்ன விலை? செங்கல்பட்டில் கிடைக்குமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? எத்தனை நாளில் வரும்?

4. எந்த வோல்டேஜ் வரை தாங்கும்? ஸ்டெபிலைசர் வேண்டுமா, வேண்டாமா? பழைய ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று மாட்டிவிடாமல், கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள்.

5. புது ஃபேன் மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டார்களா? அதன் வழியாக ஓட்டினால் போர்டு கெடும்.

6. எர்த் சரியாக இருக்கிறதா? மெயினில் மின்னல் தடுப்பு இருக்கிறதா?

7. பில் ஜி.எஸ்.டி. எண்ணோடு, மாடல் எண், வரிசை எண் எழுதி வாங்கினீர்களா? போர்டு வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

கடைசியாகச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊரிலும் காயில் கட்டிப் பிழைக்கும் தொழிலாளர்கள் நம் கடைகளுக்குப் பல வருடமாகக் கைகொடுத்தவர்கள். இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றாலும் "வர்றேன்ணே" என்று வருபவர்கள் அவர்கள்தான். தூரத்து சர்வீஸ் சென்டர் அல்ல. காயில் வேலை குறைந்து போர்டு வேலை கூடும் இந்த நேரத்தில் அவர்களை விட்டுவிட்டால், நாளை சின்னப் பழுதுக்கும் நாம் போனில் காத்திருக்க வேண்டிவரும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ. ஆசிரியர்களைக் கேட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போர்டு பழுது பார்க்கும் வகுப்பு ஒன்றைச் சங்கக் கட்டடத்திலேயே நடத்தலாம். உறுப்பினர்கள் ஊருக்குள் ஒரே மாடல் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் பேசி வைத்து வாங்கினால், மொத்தமாக விலையும் குறையும். உபரிப் போர்டு ஒன்றிரண்டை வாங்கிச் சங்கத்திலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். சரக்கை மொத்தமாக வாங்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை.